அருவிக்கு மேலே ஒரு மீன், கீழே ஒரு மீன்

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ பகுதியில் ஓடுகிறது டயேரி ஆறு. அந்த ஆற்றிலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலுமாக 198 இடங்களில் எந்த மீன் இருக்கிறது, எது இல்லை என்று காலின் டவுன்சென்ட், டாட் கிரவுல் என்ற இரு சூழலியலாளர்கள் கணக்கெடுத்து 1991-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது இரண்டு மீன்களை. ஒன்று, அந்த மண்ணுக்கே உரிய கேலக்ஸியாஸ். செதில் இல்லாத சிறு மீன், பிறந்த ஓடையிலேயே வாழ்ந்து மடிவது. மற்றொன்று பழுப்பு டிரவுட். 1864-இல் பிரிட்டனிலிருந்து முட்டைகளாகப் பனிக்கட்டிக்கிடையே கப்பலேறி டாஸ்மேனியாவுக்கு வந்து, அங்கிருந்து 1867-இல் நியூசிலாந்துக்குள் கொண்டுவரப்பட்ட தூண்டில்காரர்களின் செல்ல மீன் அது. கணக்கு இப்படி அமைந்தது: டிரவுட் மட்டும் 71 இடங்களில், கேலக்ஸியாஸ் மட்டும் 64 இடங்களில், இரண்டுமே இல்லாதவை 54, இரண்டும் சேர்ந்து இருந்தவை வெறும் 9. இரு மீன்களும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் அவரவர் போக்கில் பரவியிருந்தால், சுமார் 29 இடங்களிலாவது சேர்ந்து காணப்பட்டிருக்க வேண்டும். ஏன் 9 மட்டும்? ஒன்று மற்றொன்றைத் துரத்துகிறதா, அல்லது இரண்டுக்கும் பிடித்த தண்ணீர் வேறு வேறா?

ஆற்று மீன்களைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான். இன்று இந்தக் கேள்வியைக் கணினியிடம் கொடுத்துப் பதில் வாங்கும் பழக்கம் பெருகிவருகிறது. தரவுகளிலிருந்து விதிகளைத் தானே வடித்துக்கொள்ளும் இந்த முறைக்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். எந்த ஓடையில் எந்த மீன் கிடைக்கும் என்று சொல்வதில் அது வியக்கத்தக்க அளவு தேர்ந்துவிட்டது. ஆனால் 'எங்கே' என்பதற்குச் சரியான விடை சொல்லும் இயந்திரம் 'ஏன்' என்பதற்கும் விடை சொல்லிவிட்டதாக நாம் எடுத்துக்கொண்டால், ஆற்றைக் காக்கப் போய் மீனை அழிக்க நேரும். இதற்கு டயேரியைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முதலில், ஒரு மீன் ஓரிடத்தில் இல்லை என்பதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று பிரித்துப் பார்ப்போம். தண்ணீர் அதற்கு ஒத்துவராமல் இருக்கலாம்: வெப்பம் கூடுதல், ஓட்டம் வேகம், அடியில் கூழாங்கல்லுக்குப் பதில் சேறு. தண்ணீர் ஒத்துவந்தும் அங்கே போய்ச்சேர வழியில்லாமல் இருக்கலாம். அணையோ அருவியோ குறுக்கே நிற்கும். போய்ச்சேர்ந்தும் வேறொரு மீன் அதைத் தின்றோ விரட்டியோ ஒழித்திருக்கலாம். கடைசியாக, மீன் அங்கேயே இருந்தும் கணக்கெடுத்தவர் வலையில் சிக்காமல் போயிருக்கலாம். நான்கும் நான்கு வேறு கதைகள். ஆனால் கணக்கேட்டில் நான்குக்கும் ஒரே குறிதான்: சுழியம். சூழலியலாளர் ஈவ்லின் ஹட்சின்சன் 1957-இலேயே இதில் ஒரு பாகுபாட்டை வகுத்துக் கொடுத்தார். ஓர் உயிர், பிற உயிர்களின் தொல்லை இல்லாவிட்டால் எங்கெல்லாம் வாழ முடியுமோ அது ஒன்று. அதை 'இயலும் வாழிடம்' எனலாம். போட்டியும் பகையும் போக மிச்சமாகக் கையில் கிடைத்திருப்பது இன்னொன்று; அதை 'எய்திய வாழிடம்' எனலாம். களத்தில் இறங்கிக் கணக்கெடுப்பவர் கண்ணில் படுவது எப்போதும் எய்திய வாழிடம் மட்டுமே. இயந்திரத்துக்கு நாம் ஊட்டுவதும் அதைத்தான்.

அந்தத் தரவிலிருந்து இயந்திரம் எப்படிக் கற்கிறது? ஆற்று மீன் ஆய்வில் பெரிதும் பயன்படுவது முடிவு மரம் என்ற அமைப்பு. ஒவ்வொரு கிளையிலும் ஆம், இல்லை என்று விடை வரும் ஒரு கேள்வி. கோடை வெப்பம் இன்ன அளவுக்கு மேலா? ஆம் என்றால் அடுத்த கேள்வி: கடல் இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிறதா? இப்படி இரண்டு மூன்று கேள்விகளில் கிளை முடிந்து, 'இங்கே மீன் இருக்க இவ்வளவு வாய்ப்பு' என்று ஓர் எண் கிடைக்கும். எந்தக் கேள்வியைக் கேட்டால் மீன் இருந்த இடங்களும் இல்லாத இடங்களும் நன்றாகப் பிரியும் என்பதை இயந்திரமே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறது. தனி மரம் ஒன்றின் கணிப்பு கரடுமுரடானது. ஆகவே ஒரு மரம் விட்ட பிழையை மட்டும் எடுத்து, அதைக் குறைக்க அடுத்த மரம். அதிலும் மிஞ்சிய பிழைக்கு இன்னொரு மரம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மரங்களை அடுக்குகிறார்கள். தச்சர் இழைப்புளியை ஒரே அழுத்தாக அழுத்தாமல், மேடு மிஞ்சிய இடத்தை மெல்ல மெல்லச் சீவிப் பலகையைச் சமமாக்குவது போன்ற வேலை இது. ஒவ்வொரு சீவலும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது விதி. இந்த முறையைப் படிப்படியாகத் திருத்தும் மரங்கள் என்று சொல்லலாம்.

ஜேன் எலித், ஜான் லெத்விக், டிரெவர் ஹேஸ்டி மூவரும் 2008-இல் எழுதிய வழிகாட்டிக் கட்டுரை, இந்த முறையைச் சூழலியலாளர்களிடையே பரவலாக்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் நியூசிலாந்து ஆறுகளில் வாழும் ஒரு மீன்தான்: குட்டைத்துடுப்பு விலாங்கு. பயிற்சிக்கென்று 1000 இடங்களின் தரவு; அவற்றில் சுமார் ஐந்தில் ஓரிடத்தில் விலாங்கு இருந்தது. சோதிப்பதற்கென்று, இயந்திரத்தின் கண்ணில் காட்டாமல் ஒதுக்கிவைத்த 500 இடங்கள் தனி. இந்த ஒதுக்கிவைப்பில்தான் நம்பகத்தன்மை முழுதும் இருக்கிறது. படித்த கணக்கையே தேர்விலும் கேட்டால் மனப்பாடம் செய்தவனும் தேறிவிடுவான். பார்க்காத கணக்கைப் போடுகிறவனே கற்றவன். மதிப்பெண் இப்படிப் போடுகிறார்கள்: விலாங்கு இருந்த ஓரிடத்தையும் இல்லாத ஓரிடத்தையும் குருட்டாம்போக்கில் எடுத்து, எதற்கு இயந்திரம் கூடுதல் வாய்ப்புச் சொல்கிறது என்று பார்ப்பது. பூவா தலையா போட்டுச் சொன்னாலும் பாதித் தடவை சரியாக வரும், அதாவது 0.5. இயந்திரம் இப்படிக் கற்று அமைத்த கணிப்பு முறையை மாதிரி என்பார்கள்; விலாங்குக்கான மாதிரி எடுத்த மதிப்பெண் 0.86-ஐ ஒட்டியது. இதைவிடக் கடுமையான தேர்வும் உண்டு. பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஓர் ஆற்றை முழுதாக ஒதுக்கிவைத்து, மற்ற ஆறுகளில் கற்றதைக் கொண்டு அதைக் கணிக்கச் சொல்ல வேண்டும். பல மாதிரிகள் தடுமாறுவது இங்கேதான்.

இனி அந்த விலாங்கு மாதிரியின் உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு கேள்வியும் கணிப்புக்கு எவ்வளவு உதவியது என்று இயந்திரம் தரவரிசை தரும். கோடை வெப்பம் முதலிடம் பிடித்தது. வெப்பம் கூடக்கூட விலாங்கு கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. ஆற்றின் மேற்புறத்தில் இயற்கைக் காடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் முன்வரிசையில் நின்றது. காடு குறைவான இடங்களில் விலாங்கு மிகுதி. அப்படியானால் விலாங்குக்குக் காடு ஆகாதா? அவசரப்படக் கூடாது. நியூசிலாந்தில் காட்டை வெட்டிப் பண்ணை அமைத்தது பெரும்பாலும் வெதுவெதுப்பான சமவெளிகளில். காடு தப்பியது குளிர்ந்த மலைகளில். சமவெளியில் மெல்ல ஓடும் ஆற்றை விரும்பும் மீனுக்குப் பக்கத்தில் காடு இல்லாமல் போனதற்கு மீனின் விருப்பம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு கேள்வி சுவையானது: எந்த முறையில் மீன் பிடித்தார்கள் என்பதையும் இயந்திரத்துக்கு ஒரு தகவலாகக் கொடுத்திருந்தார்கள். மின்சாரம் பாய்ச்சிச் சற்று நேரம் மயங்கவைத்து எண்ணுவது, வலை, பொறி, இரவில் விளக்கடித்துப் பார்ப்பது என்று முறைக்கு முறை சிக்கும் மீன் மாறும். இந்த ஒரு தகவலைச் சேர்த்ததால், 'இல்லை' என்பதற்கும் 'சிக்கவில்லை' என்பதற்கும் இடையே இயந்திரம் ஓரளவு வேறுபாடு காண முடிந்தது. நான்கு காரணங்களில் நான்காவதைக் கையாளும் நேர்மையான வழி இது.

இப்போது டயேரிக்குத் திரும்புவோம். அங்கே பயன்பட்டது இயந்திரக் கற்றல் அல்ல. இரு வகை இடங்களைப் பிரிக்கும் கூறுகளைத் தேடும் பழைய புள்ளியியல் முறை. ஆனால் அதன் வேலையும் இதே வேலைதான். ஒவ்வோர் இடத்திலும் நீரோட்டம், அடிப்பரப்பு, உயரம் என்று பல அளவுகளை எடுத்துப் பார்த்ததில், மீன்களைப் பிரித்துக் காட்டுவதில் முன்னே நின்ற ஒன்று எதிர்பாராதது: அந்த இடத்துக்குக் கீழே ஆற்றில் எத்தனை அருவிகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. டிரவுட் மட்டும் இருந்த இடங்களுக்குக் கீழே சராசரியாக 0.42 அருவி. கேலக்ஸியாஸ் மட்டும் இருந்த இடங்களுக்குக் கீழே சராசரியாக 12.3. இரண்டும் சேர்ந்திருந்த இடங்களுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. இந்த அட்டவணையை இன்றைய முடிவு மரங்களிடம் கொடுத்தாலும் அவை முதலில் கேட்கும் கேள்வி, 'கீழே அருவி உண்டா?' என்பதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒரு கேள்வியைக் கொண்டே அவை கேலக்ஸியாஸ் இருப்பிடத்தை நன்றாகக் கணிக்கும். மதிப்பெண் உயரும். வரைபடமும் அழகாக வரும். 'கேலக்ஸியாஸ் அருவிகளுக்கு மேலான ஓடைகளை விரும்பும் மீன்' என்று அதன் கீழே ஒருவர் எழுதிவிட்டால், அந்த வாக்கியம் மட்டும் தவறாகியிருக்கும்.

ஏனென்றால் தனக்குக் கீழே, தான் ஒருபோதும் பார்க்காத இடத்தில் இருக்கும் அருவி, மேலே வாழும் மீனின் தண்ணீரை எந்த வகையிலும் மாற்றுவதில்லை. அருவி செய்வது ஒரே வேலை: கீழிருந்து ஏறிவரும் டிரவுட்டைத் தடுப்பது. 'அருவி' என்ற அளவு, 'டிரவுட் வர முடியாது' என்பதன் மாறுவேடம். இந்தப் பிழையின் விலை ஏட்டோடு நிற்பதில்லை. ஆற்றில் தடைகளை நீக்கி மீன் போக வழிவிடுவது இன்று உலகெங்கும் நல்ல பணியாகக் கருதப்படுகிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன்களுக்கு அது உயிர்நாடி. அதே பணியை ஒரு கேலக்ஸியாஸ் ஓடையில் செய்தால், டிரவுட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். நியூசிலாந்து 2018-இல் வெளியிட்ட மீன்வழி நெறிமுறைகள், தடைகளை நீக்குவதைப் பற்றிப் பேசுவதோடு, உள்ளூர் மீன்களைக் காக்க வேண்டுமென்றே தடை கட்டுவதைப் பற்றியும் பேசுவது இதனால்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். குறை இயந்திரத்தில் இல்லை, கொடுத்த தகவலில்தான். டிரவுட் இருக்கிறதா என்பதையும் ஒரு தகவலாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் தீர்ந்துவிடாது. அருவியும் டிரவுட்டும் ஒரே சேதியை இரு குரலில் சொல்பவை; அப்படிப்பட்ட இரண்டு தகவல்கள் இருக்கும்போது இயந்திரம் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தரும் என்பது மரங்கள் வளர்ந்த விதத்தைப் பொறுத்த தற்செயல். மேலும், உண்டு, இல்லை என்ற குறிப்பு போதுமா? ஆங்கஸ் மெக்கின்டாஷும் டவுன்சென்ட் குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆற்று கேலக்ஸியாஸ் குறைந்துபோனது ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த டிரவுட் இருந்த இடங்களில். குஞ்சு டிரவுட் இருந்தால் பெரிய சேதமில்லை. மீனின் நீளத்தை எழுதிவைக்காத கணக்கேட்டிலிருந்து இந்த உண்மையை எந்த இயந்திரமும் கறக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மீன்களைத் தனித்தனியாகக் கணிக்காமல் எல்லா இனங்களையும் ஒரே மாதிரிக்குள் வைத்துக் கணிக்கும் முறைகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்திருக்கின்றன. கூட்டு இனப்பரவல் மாதிரி என்று அவற்றைச் சொல்லலாம். வெப்பம், ஓட்டம், உயரம் எல்லாவற்றின் விளைவையும் கழித்த பிறகும் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதாகத் தெரிந்தால், மிஞ்சிய அந்தத் தவிர்ப்பே பகைக்குச் சான்று ஆகாதா? ஆகலாம் என்ற அளவில் நிற்பதே நியாயம். அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று அந்த மிச்சத்தில் எப்போதும் ஒளிந்திருக்கும். அடியிலிருந்து குளிர்ந்த ஊற்று சுரக்கும் இடத்தை ஒரு மீன் நாடி, மற்றொன்று விலகினால், ஊற்றை அளக்காதவருக்கு அது சண்டையாகத் தெரியும். இரண்டுமே நாடினால் நட்பாகத் தெரியும். இந்த வாக்குவாதம் புதிதல்ல. ஜாரெட் டயமண்ட் 1975-இல் தீவுப் பறவைகள் சேர்ந்து வராத ஒழுங்கைக் காட்டிப் போட்டியே காரணம் என்றார். 1979-இல் எட்வர்ட் கானரும் டேனியல் சிம்பர்லாஃபும், அத்தகைய ஒழுங்கு தற்செயலாகவும் எவ்வளவு எளிதில் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2020-இல் கியோம் பிளான்ஷே குழுவினர் இதே எச்சரிக்கையைப் புதிய மாதிரிகளுக்கும் நீட்டினார்கள்: சேர்ந்து காணப்படுவதோ காணப்படாததோ, உயிர்களுக்கு இடையிலான உறவுக்குத் தானாகச் சான்றாகிவிடாது.

அப்படியானால் டிரவுட்தான் காரணம் என்று மட்டும் எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? மூன்று வகைச் சான்றுகள் ஒன்றுசேர்வதால். முதலாவது, அருவியே ஓர் இயற்கைச் சோதனை. கேலக்ஸியாஸ் உயரத்தை விரும்பும் மீனாக இருக்கலாமே என்றால், இருக்கலாம். கேலக்ஸியாஸ் மட்டும் இருந்த இடங்களின் சராசரி உயரம் 567 மீட்டர், டிரவுட் மட்டும் இருந்தவை 324. ஆனால் இரண்டும் சேர்ந்திருந்த ஒன்பது இடங்கள் சராசரி 481 மீட்டரில் இருந்தன. தடை இல்லாவிட்டால் டிரவுட்டும் அந்த உயரத்துக்கு ஏறிவிடுகிறது. உயரம் மட்டும் கதையை முடிக்கவில்லை. இரண்டாவது, செயற்கைச் சோதனை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு அருகே லீஸ் ஓடையில் வானவில் டிரவுட்டை நீக்கிய பிறகு, மேல்பகுதியில் ஒதுங்கியிருந்த மலை கேலக்ஸியாஸ் கீழ்நோக்கிப் பரவி மறுபடி நிலைகொண்டதை மார்க் லின்டர்மன்ஸ் 2000-இல் பதிவு செய்தார். தண்ணீர் அதே தண்ணீர், கல் அதே கல். மாறியது டிரவுட் மட்டும். மூன்றாவது, நடப்பதை நேரில் பார்ப்பது. டிரவுட் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும். அதனால் டிரவுட் உள்ள ஓடைகளில் நீர்ப்பூச்சிக் குஞ்சுகள் பகலில் கல்லின் அடியில் பதுங்கி, இரவில்தான் மேலே வந்து பாசியை மேய்கின்றன. மேய்ச்சல் குறைவதால் கற்களில் பாசி தடித்து வளர்கிறது. ஒரு மீன் வந்ததன் தடம் கல்லின் மேல்வரை தெரிகிறது.

இவ்வளவும் மனிதர்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போது இயந்திரம் எதற்கு என்று கேட்கலாம். நியூசிலாந்தின் ஆறுகள் ஆய்வுக்காக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இறங்கி மீன் எண்ண எந்த அரசாலும் முடியாது. சில ஆயிரம் இடங்களில் கற்றுக்கொண்டு மற்ற இடங்களைப் பற்றி நியாயமான ஊகம் சொல்ல இயந்திரம் வேண்டும். அதைவிட முக்கியமான பயன் அது தவறும் இடங்களில் இருக்கிறது. தண்ணீர் பொருத்தம், வழி திறப்பு, எல்லாம் பார்த்து 'இங்கே இந்த மீன் இருந்தாக வேண்டும்' என்று மாதிரி அடித்துச் சொல்லியும் மீன் இல்லாத இடங்கள் இருக்கும். அந்த இடங்களின் பட்டியல்தான் ஆய்வாளருக்குப் பொக்கிஷம். நோயா, நஞ்சா, அளக்காத தடையா, அந்நிய மீனா என்று சோதனை செய்ய எங்கே இறங்க வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டிவிடுகிறது. கேள்வியைக் கூர்மையாக்கும் கருவியாக இயந்திரம் ஈடு இணையற்றது.

இந்தப் பாடம் காவிரிக்கு நேரடியாகப் பொருந்தும். காவிரிக்கே உரிய திமில் முதுகு மஹ்சீர், டோர் ரெமாதேவி என்ற இனமே என்பது 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. அது இன்னும் பிழைத்திருக்கும் சில இடங்களில் முதுமலை வழியே ஓடும் மோயாறும் ஒன்று. காவிரிக்கு உரியதல்லாத நீலத்துடுப்பு மஹ்சீரின், லோனாவாலா பண்ணையில் வளர்த்த குஞ்சுகள் 1970-களிலிருந்து காவிரியில் விடப்பட்டன. கர்நாடகப் பகுதியில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் ஆராய்ந்தார்கள்; வந்தேறி மீன் பெருகியதும் மண்ணின் மீன் சரிந்ததும் ஒரே காலத்தில் நடந்தது தெரிந்தது. வந்தேறிதான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கும். அது வலுவான சந்தேகமும்கூட. ஆனால் அதே காலத்தில் அணைகளும் மணல் அள்ளலும் வெடி வைத்து மீன் பிடிப்பதும் காவிரியில் நடந்துகொண்டுதான் இருந்தன. இந்தக் குறிப்புகளை மட்டும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்தால், அது இவற்றில் எதை வேண்டுமானாலும் முதல் காரணமாகத் தரவரிசையில் ஏற்றிவிடலாம்.

எனவே ஆற்று மீன் மாதிரிகளை மதிப்பிட ஓர் எளிய அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மீன் எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ள, பார்க்காத ஆற்றில் தேறிய மாதிரியை நம்பலாம். ஆற்றில் எதையாவது மாற்றுவதற்கு, அதாவது தடையை உடைக்க, குஞ்சு விட, ஓர் இனத்தை நீக்க, மாதிரியின் மதிப்பெண் மட்டும் போதாது. காரணத்தைத் தனித்துக் காட்டிய ஒரு சோதனையாவது உடன் இருக்க வேண்டும். அத்தகைய சோதனைகளுக்கு அடிப்படை ஒழுங்கான கணக்கேடு. பிடித்த மீனை மட்டும் எழுதாமல் பிடிபடாத நாளையும், எந்த வலையில் எத்தனை மணி நேரம் தேடினோம் என்பதையும், மீனின் இனத்தோடு நீளத்தையும் எழுதுவதுதான் அதற்கான முதல் வேலை. மோயாற்றிலும் காவிரியிலும் மீன்வளத் துறையும் வனத்துறையும் ஆய்வாளர்களும் அதை இன்றே தொடங்கலாம். அதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை.